நீ பார்த்த ஆண்ட்ரோமெடா

உன் டெலஸ்கோப்பை உன் அண்ணன் இன்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்ததும் தின்னர் வாடை. லென்ஸ் துடைக்க நீ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துணி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அழுகையைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

ஆம்பூர் தோல் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் செக்கிங் மேஜை. உண்ணி கடித்த தழும்பு, கம்பி கிழித்த கோடு என்று நாள் முழுக்கத் தோலில் குறை தேடும் வேலை. அதே புத்தியோடுதான் வானத்தையும் பார்த்தாய். போன குளிர்காலத்தில் ஒரு நாள், இருட்டியதும், உன் வீட்டு மாடியில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைத் தேடினோம். நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்து போடும் பெரிய சதுரத்தின் மூலையிலிருந்து இரண்டு நட்சத்திரம் தள்ளி, அங்கிருந்து வடக்கே திரும்பி இன்னும் இரண்டு. சாம்பல் நிறத்தில் ஏதோ ஈஷினாற்போல் தெரிந்தது. “கண்ணாடில கறைடி” என்று துடைத்தாய். மூன்று முறை துடைத்தாய். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த கலர் படத்தை நம்பியவர்கள்தானே நாம்!

பிறகு நீயே குழாயை மெல்ல அசைத்துப் பார்த்தாய். கறையென்றால் கண்ணாடியோடு அங்கேயே நிற்கும். இதுவோ நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்தது. “கறை இல்லடி, மேலதான் கீது!” என்று கத்தினாய். உடனே ஒரு தாளில் பென்சிலால் வரைந்தாய், பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியோடு.

அதை நாம் சேர்ந்திருந்த, வானம் பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டதும் ஒருவர் எழுதினார்: “இந்தச் சின்ன டெலஸ்கோப்பில், உங்க ஊர் வெளிச்சத்தில் தெரியாதும்மா. தூசியா இருக்கும்.” பதில் போடச் சொன்னேன். “இன்னாத்துக்கு பேஜாரு, உடு” என்றாய். அதன்பிறகு பெட்டியைத் திறக்கவே இல்லை. உன் கண் மேலேயே உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தோடே காய்ச்சலில் போயும்விட்டாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று ஏழு மணிக்கு என் மாடியில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தோலில் மங்கலான தழும்பை நேராக முறைத்தால் கண்ணில் படாது, சற்று ஓரமாகப் பார்த்தால் எழுந்து வரும். மேஜையில் நாம் தினமும் செய்வதுதானே! துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். வந்தது. பக்கத்தில் நீ வரைந்த அதே புள்ளியும் அதே இடத்தில் இருந்தது. அது ஆண்ட்ரோமெடாவின் துணைக் கேலக்ஸியாம், இன்றுதான் படித்தேன். தூசிக்கு எங்கேயாவது துணை இருக்குமா?

உன் படத்தை உன் பெயரோடு மறுபடி குழுவில் போட்டேன். ஒத்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் நாளைக்கும் போடுவேன். நீ போய்விட்டாய், அதை என்னால் மாற்ற முடியாது. நீ பார்க்கவே இல்லை என்று யாராவது சொல்ல மட்டும் விடமாட்டேன்.