நீ தேதி போடாத கடிதம்

இன்று காலை சட்னி அரைக்கையில் மிக்ஸி காந்திவிட்டது. அந்தக் கருகல் வாடை வந்ததும் உன் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்தான் நினைவுக்கு வந்தது. புதூர்நாட்டு மலைப் பக்கம் நாம் வேலை பார்த்த பள்ளியில், பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், அரைகுறை மின்சாரத்தில் அதைப் போட்டுவிட்டு, "மோந்து பாரு வாத்யாரே, சூடேறிடுச்சு. இப்ப கேளு" என்பாய்.

ஹார்ட் ராக் என்றொரு இசையின் பெயரையே உன்னிடம்தான் முதலில் கேட்டேன். நீ கம்பியைத் தட்டியதும் ஒலி உடையும். உடைந்த ஒலி எப்படி இனிக்கும்? பலாப்பழத்தைக் கையால் பிளக்கும்போது நார் கிழிகிற சத்தத்திலேயே வாய் ஊறுகிறதே, அப்படி என்று எனக்கு நானே உதாரணம் சொல்லிக்கொண்டேன்.

நம்முடையது ஈராசிரியர் பள்ளி. வெள்ளிக்கிழமை மதியமே ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்கி, ஜோலார்பேட்டையில் ரயிலேறி, பெங்களூரில் வாசித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை வருவாய். விரல் நுனிகள் வீங்கியிருக்கும். தேதி போடாத உன் விடுப்புக் கடிதம் ஒன்று வருகைப் பதிவேட்டுக்குள் எப்போதும் இருக்கும். அதிகாரி வந்தால் நான் தேதி போட வேண்டும். வராவிட்டால் நீ திரும்பி வந்து, அந்த நாட்களுக்கும் வந்ததாகக் கையெழுத்துப் போடுவாய். மூன்று வருடம் அப்படி நடந்தது. அந்த நாட்களில் ஐந்து வகுப்பும் என் தலையில். ஒரு மூலையில் வாய்ப்பாடு, மறுமூலையில் அகரவரிசை. எந்தப் பிள்ளைக்கும் பாடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. தவறுதான். ஆனால் நீ பெரிய ஆளாக வருவாய் என்று நம்பினேன்.

"ஒன்னோடதும் ஒண்ணு எழுதி வைடா, எதுக்கும் இருக்கட்டும்" என்றாய். எழுதி வைத்தேன். அது தேவைப்பட்டது ஒரே ஒரு நாள். என் மகள் பிறந்தாள். நான் திருப்பத்தூரில் இருந்தேன். அன்றுதான், ஒரு வாத்தியார் பள்ளிக்கே வருவதில்லை என்ற மொட்டைக் கடிதாசியோடு அதிகாரி வந்து நின்றார்.

நடந்ததை எனக்குச் சொன்னவர் சத்துணவு சமைத்த அம்மா. "ஒங்க லெட்டரு நோட்டுக்குள்ளயே இருந்திச்சு சார். பெரிய சார் கேக்கசொல்ல, இவரு அத எடுத்து சட்டப் பையில சொருவிக்கினாரு. 'அவரு எப்பவும் இப்டித்தான், நான்தான் தனியா பாத்துக்கறேன்'னு சொல்ட்டாரு."

உன்னிடம் கேட்டேன். கம்பியை முறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாய்: "அந்த மொட்டக் கடிதாசிக்கு எனக்கு மெமோ வந்தா வேலையே போய்டும்டா. நீ தாங்கிக்குவ."

என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இரண்டே மாதத்தில் அந்த வேலையை நீயாகவே விட்டாய்.

பிறகு உன் இசைக்குழு, தோளில் புரளும் முடி, வெளிநாட்டு மேடைகள் எல்லாவற்றையும் செய்தித்தாளில் பார்த்தேன். சந்தோஷம்கூடப் பட்டேன். ஒரு நாள் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னாய்: "மலைப்பள்ளியில அஞ்சு கிளாஸையும் தனி ஆளா நடத்தினேன். கூட இருந்தவரு வரவே மாட்டாரு. அந்தத் தனிமையிலதான் என் மியூசிக் பொறந்துச்சு." கைதட்டினார்கள். அதிகாரியிடம் பயத்தில் சொன்னாய் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே உன்னை யார் மிரட்டினார்கள்? நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். உன் சாவுச் செய்திதான் வந்தது.

போன மாதம் புதூர்நாட்டில் உனக்கு அஞ்சலிக் கச்சேரி. ஜீப்பில் ஏறினேன். அன்று என்னிடம் படித்தவர்கள் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். வண்டியில் இருந்தவர்கள் அப்போது பிறக்காதவர்கள். எந்தப் பள்ளியில் இருந்தேன் என்று சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அட! டிவியில சொன்னாரே, அந்த வராத வாத்யாரு நீங்கதானா? இப்பவாச்சும் வந்தீங்களே சார்!"

வண்டியே சிரித்தது.

"வராதது நான் இல்லப்பா, அவன்" என்றேன்.

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "இன்னா சார் இது, செத்தவரு எழுந்து வந்து பதில் சொல்லவா போறாரு? பாவம் சார்."

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. சமையல்கார அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். நடந்தது தெரிந்தவர்களில் மிச்சம் நீ ஒருவன்தான் இருந்தாய். உயிரோடு இருந்தபோது உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

கச்சேரித் திடலுக்குள் போகாமல் புளியமரத்தடியில் நின்றேன். இளைஞர்கள் உன் பாட்டை வாசித்தார்கள். வெறும் வகுப்பறையில் நீ அதைத் துண்டு துண்டாகக் கட்டியபோது கேட்டவன் நான் மட்டும்தான். கிட்டார் மேலே ஏறுகிற இடம் வருமுன்பே என் தலை ஆடத் தொடங்கிவிட்டது. அந்த மலையில் என் பெயரைக் கெடுத்துவிட்டுப் போனவன் நீ. இத்தனைக்கும் பிறகு உன் வாசிப்பு பிடிக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம்.