நாலாவது வள்ளத்து அட்டைகள்

தூத்துக்குடி
4-7-1937

அன்புள்ள நாச்சிக்கு,

நலம். மீன் இலாகாவில் எனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். கடல் தண்ணீரின் சூட்டை அளக்க இலாகாவிடம் கப்பல் இல்லை. அதனால் மீன் பிடிக்கப் போகும் நான்கு வள்ளங்களுக்குத் தெர்மாமீட்டர் கொடுத்திருக்கிறோம். வலை போடும் இடத்தில் பத்து ஆள் ஆழத்துக்கு இறக்கி, பாரன்ஹீட் டிகிரியை அட்டையில் குறித்து வர வேண்டும். நான் எடுத்து எழுதினால் என் கிறுக்கல் எங்கள் இலாகா துரைக்கு விளங்காது. இத்துடன் வரும் அட்டைகளைப் பார்த்து நீ நோட்டில் எடுத்து எழுது.

நாலாவது வள்ளக்காரருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்ல, மகள் உம்மல் குல்சும் எழுதுகிறாள். முத்து முத்தான கையெழுத்து, நீயே பார். ஆவணியில் வீடு பார்த்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

உன்
ஈஸ்வரமூர்த்தி

காங்கேயம்
11-7-1937

மாமாவுக்கு நாச்சி எழுதிக்கொண்டது.

முத்தை நானும் பார்த்தேனுங்க. ஒரு அட்டையின் பின்னால், "ஐயாவுக்கு இருமல் தேவலையா?" என்றும் எழுதியிருக்கிறாள். உங்களுக்கு இருமல் என்பதை மீன் அட்டையில் படித்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாப்பாயி அக்கா, "ஏன் அம்மணி, மொகம் இப்பிடிச் சுண்டிக் கெடக்குது?" என்கிறாள். என்ன சொல்ல.

மற்ற மூன்று வள்ளமும் தினம் எண்பத்திரண்டு. இவள் மட்டும் எழுபத்தேழு, எழுபத்தைந்து. நம் தோட்டத்துக் கிணறும் பத்து ஆள் ஆழம்தான். அதன் தண்ணீர் வருஷம் முழுக்க ஒரே சூடு. கடல் மட்டும் வள்ளத்துக்கு வள்ளம் மாறுமா? ஊட்டில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததை எழுதுகிறாள். தெர்மாமீட்டரைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அவளுடைய பதினேழு அட்டையையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

நாச்சியம்மாள்

தூத்துக்குடி
25-7-1937

நாச்சிக்கு,

கணக்கில் நீ தவறி நான் பார்த்ததில்லை. உன் பேச்சை நம்பித் தெர்மாமீட்டரைத் திரும்ப வாங்கிவிட்டேன். குல்சுமின் தகப்பனார், "நாங்க பொய் எழுதலையே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

நேற்று துரையே கடலுக்குப் போய் இறக்கிப் பார்த்தார். எழுபத்தைந்து. இந்தக் காற்றுக் காலத்தில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறுமாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும். மற்ற மூவரும் வலைக்கு நேரமாகிறதென்று கரையோரத்திலேயே முக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். துரை அட்டைகளைக் கேட்கிறார். சாம்பலையா காட்டுவது?

இருமலை உனக்கு எழுதாதது என் தப்பு. ஆனால் உன் கோபத்துக்காக ஒரு நேர்மையான மனிதரைப் பொய்யராக்கிவிட்டேன். வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஈஸ்வரமூர்த்தி

காங்கேயம்
29-7-1937

மாமாவுக்கு,

அவள் எழுதியது பொய் என்று நான் நினைத்ததைவிட, பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் அதிகம். எங்காவது பிழை அகப்படுமா என்று அந்த அட்டைகளை நூறு தடவை படித்தேன். அதில் பதினேழும் மனப்பாடமாகிவிட்டது. தேதிவாரியாகத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். செவ்வாய்க்கிழமை அண்ணன் திருமலைசாமியோடு ரயிலில் வருகிறேன். வீட்டுக்காக அல்ல. குல்சுமும் அவள் தகப்பனாரும் பார்த்துச் சரி என்ற பிறகு துரையிடம் கொடுங்கள். செய்ததை என் வாயாலேயே அவர்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் அவளைப் புகழ்ந்தால் எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்யுமுங்க. ஸ்டேஷனுக்கு வர மனசிருந்தால் வாருங்கள். வராவிட்டாலும் வழி விசாரித்து அவர்கள் வீட்டுக்கே போய்விடுவேன்.

நாச்சியம்மாள்