பால் குடித்தால் வில்லாகும் மருமகன்

மாப்பிள்ளை,

இன்று காலை லிஃப்டில் எதிர்வீட்டுக் கைக்குழந்தை என் இஸ்திரி போட்ட சட்டைக்குப் பாலாபிஷேகம் செய்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் நான் மறுபடியும் உங்கள் புணே விஷ்ராந்த்வாடி வீட்டுக் கூடத்தில், ஐந்து மாதக் குழந்தையான உங்கள் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காதுகுத்து. தாய்மாமன் மடி சிம்மாசனத்துக்கும் மேல் என்று கூட்டத்தையே அதட்டிக்கொண்டிருந்தேன். அழாமல் இருக்கட்டும் என்று தங்கை அப்போதுதான் வயிறு முட்டப் பால் கொடுத்திருந்தாள். ஊசியை எடுக்கும் முன்பே பிள்ளை விறைத்தான். முதுகு வில்லாய் வளைந்தது. கழுத்து ஒரு பக்கம் திருகி நின்றது.

"வலிப்பு! கையில இரும்பக் குடுங்க!"

கூட்டத்தில் யாரோ கத்தியதும் என் ஸ்கூட்டர் சாவியை அந்தப் பிஞ்சு விரல்களுக்குள் திணித்தேன். சற்று நேரத்தில் தெளிந்தான். சாவியின் மகிமையைப் புணே முழுக்கப் பரப்பினேன்.

மறுநாளும் வந்தது, அதன் பிறகும் விடவில்லை. மூளையைச் சோதித்ததில் எதுவும் தெரியவில்லை. "இன்னொரு முறை வந்தால் வலிப்பு மருந்தைத் தொடங்கிவிடலாம்" என்றார் டாக்டர். தங்கை அழுதபடியே இருந்தாள். ஒவ்வொரு முறை அடங்கியதும், பிள்ளை களைத்திருப்பான் என்று பால் கொடுத்தாள். நாங்களும் கொடு கொடு என்றோம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை முறுக்குகிறான், நான் சாவியோடு பாய்கிறேன், நீங்களோ கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"பெத்த புள்ள துடிக்கிறான், கல்யாண வீடியோவா எடுக்கிறீங்க?"

"டாக்டர் கண்ணால பாக்கட்டும், மச்சான். நீங்க சொன்னா, கூரையில போய் முட்டினான்னு சொல்வீங்க."

அப்படித்தான் சொல்லியும் இருந்தேன். தங்கை உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். உங்கள் கை ஆடவில்லை.

டாக்டர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பால் குடித்ததும் வருகிறதா, தூக்கத்திலும் வருகிறதா என்று கேட்டார். "பால் குடிச்சதும்தான். தூக்கத்துல வந்ததே இல்ல" என்றீர்கள். வலிப்பு இல்லை என்றார் அவர். வயிற்று அமிலம் மேலே ஏறி எரிகிறது. அந்த வேதனையில்தான் உடம்பைத் திருகுகிறான். அந்த நோய்க்கு ஒரு வெள்ளைக்காரப் பெயரும் சொன்னார். என் நாக்கு அதோடு மல்லுக்கட்டித் தோற்றது. அமிலத்துக்கு மருந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால், குடித்ததும் தோளில் நிமிர்த்திப் பிடிப்பது. ஆறுதலுக்கென்று நாங்கள் ஊட்டிய பாலே அவனை முறுக்கியிருக்கிறது.

வெளியே வந்து வெற்றி முழக்கமிடத் திரும்பினேன். நீங்கள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டிருந்தீர்கள்.

"கொஞ்சம் கையப் புடிச்சுக்கங்க, மச்சான்."

பிடித்தேன். உங்கள் நடுக்கம் என் தோள்வரை ஏறியது.

நீங்கள் மாலை போட்ட படமாய்த் தொங்கும் வீட்டில் உங்கள் மகன் இப்போது வடா பாவ்களை வதம் செய்து வளர்கிறான். அவனுக்கு நான் சொல்லும் கதைகளில் நீங்கள் ஆலந்தி சாலையில் ஒற்றைக் கையால் பஸ்ஸை நிறுத்தியவர். போன வாரம் ஒன்று கேட்டான். பயத்துக்கு அவன் வாயில் இந்திதான் வருகிறது.

"அப்பாவுக்கு எப்பவாச்சும் டர் ஆச்சா, மாமா?"

படிக்கட்டைச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. அவன் தன் கையை என் கைக்குள் வைத்து, "இவ்ளோவா?" என்று ஆட்டிக் காட்டினான்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். மிகையில்லை, மாப்பிள்ளை. அளவு என் கைக்குத் தெரியும்.