நாலு வேளைத் தண்ணி

என் வீட்டம்மாவுக்கு,

நீயும் பொண்ணும் சுகம்தானே? உன் அண்ணன் வாய் ரொம்ப சுகமா இருக்குன்னு, உங்கப்பா போன் பண்ணித் திட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு.

நான் குடிக்கிறேன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொன்னானாமே? நான் அவன்கிட்ட போன்ல சொன்னது, "கண்ணுக்கு நாலு வேளை தண்ணி போடுறேன்." லைன் கரகரத்ததுல கண்ணு காணாமப்போச்சு, தண்ணி மட்டும் அவன் காதுல விழுந்திருக்கு. வீடியோவுல கண் சிவப்பா இருந்ததும் முடிவே கட்டிட்டானா? நீயும் கூட உட்கார்ந்து தலையாட்டினியா?

பயப்படாதே, பெருசா ஒண்ணுமில்ல. பிரஷர் மாத்திரையை மாத்தினதுல இருந்து கண்ணு வறண்டு, மணல் விழுந்த மாதிரி உறுத்துச்சு. போன வாரம் கம்பெனியில ஒரே சட்டைக்கு ரெண்டு இடது கையை வச்சுத் தைச்சுட்டேன். சூப்பர்வைசர் என் வாயை மோந்து பார்த்துட்டுத்தான் டாக்டர்கிட்ட அனுப்பினார். சிலருக்கு இந்த மாத்திரை அப்படிப் பண்ணுமாம், ஆனா நானா நிறுத்தக் கூடாதாம். டாக்டர் குடுத்த சொட்டு மருந்துதான் அந்தத் தண்ணி.

மோந்து பார்த்த மனுஷனே நம்பிட்டார். பதினோரு வருஷம் கூட வாழ்ந்த உனக்கு என்ன கேடு?

பொண்ணைப் பெரிய பெரிய எழுத்துல லெட்டர் போடச் சொல்லு. என் பழைய கண்ணாடியை அனுப்பு. உன் அண்ணன் கையில மட்டும் குடுத்துடாதே.

மணி அடிச்சுட்டாங்க, சொட்டு விடணும். சொட்டு விட்டதும் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடியிருக்கணும். அப்பவும் உன் மூஞ்சிதான் வந்து நிக்குது. அதுக்காகக் கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுடாதே.

இப்படிக்கு,
உன் குடிகாரன்