குளிர் அறைக் கைப்பிடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சுகம்.

இரும்புத் துண்டுகளை உறையவைத்து உடைத்துப் பார்க்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், எங்கே ஆபத்து வரலாம் என்று சொல்வதுதானே என் வேலை? குளிர் அறைக் கதவின் உள்கைப்பிடி ஆடுகிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். மேலாளர் சிரித்தார். போன வாரம் அது கழன்று என் கையோடு வந்துவிட்டது. நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். தட்டித் தட்டிக் கை வீங்கிய பிறகு, துப்புரவு அக்கா திறந்தார்.

“நீங்களா தம்பி? மெஷின் சத்தம்னு நெனச்சேன்!” இருவரும் சிரித்துவிட்டோம்.

மேலாளர் சிரிக்கவில்லை. “கதவு நல்லாத்தான் இருக்குன்னு மாத்தி எழுது. இல்லேன்னா லீவு கெடையாது” என்றார். நான் எழுதவில்லை.

அதனால் தங்கை கல்யாணத்துக்கு வர முடியாதப்பா. அம்மாவிடம் வேலை அதிகம் என்று மட்டும் சொல்லுங்கள். முகூர்த்தத்தின்போது போனை மேடையருகே வைத்துவிடுங்கள். யாரும் பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகன்