வியாழக்கிழமைக் குரல்

12 ஜூன் 1997, வியாழன்

இன்று லைன் தெளிவாக இருந்தது. ஸ்பீக்கர் போனைச் சுற்றி வழக்கம்போல மூன்று பேர்: மேனேஜர் அப்பாதுரை சார், என் ஜூனியர் முனீர், நான். அந்தப் பக்கம், நியூயார்க்கில், வங்கிக்காரர்கள் கொடுத்த மேசையில் என் வீட்டுக்காரர்.

"தபீதாள், நேத்து அனுப்பின ஃபைல்ல வட்டிக் கணக்கு சரியா வருது."

"தேங்க்ஸ், தாவீது."

கல்யாணமான அடுத்த மாதம் போனவர். பிப்ரவரியிலிருந்து எங்கள் குடும்பப் பேச்சு இதுதான். ஞாயிறன்று வீட்டுக்குப் போன் செய்வார். அது அத்தையின் போன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா, சர்ச்சுக்குப் போனியா என்று மகனைக் கேட்டு முடித்து என்னிடம் தருவதற்குள் அவருடைய போன் கார்டில் காசு தீர்ந்துவிடும்.

கடைசியில், "அங்க மழை ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "மழையா? வெயில் கொளுத்துதுப்பா."

என்னைத்தானே கேட்டார்?

15 ஜூன், ஞாயிறு

அத்தை கேட்டார்: "நீயும் அதே ஆபீஸ்தானேம்மா. அவன் எப்போ வருவான்னு உனக்குத் தெரியாதா?"

விளக்கிப் பார்த்தேன். ஊரப்பாக்கத்தில் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து விலையை நிறுத்தி வைக்கிறோம். விலை ஏறினால் பேசின விலைக்கே வாங்கலாம். இறங்கினால் அட்வான்ஸை விட்டுவிட்டு வந்துவிடலாம். அதையே அமெரிக்காவில் பங்குகளுக்குச் செய்கிறார்கள், ஆப்ஷன் என்று பெயர். அதன் மேல் தினுசு தினுசாக ஒப்பந்தம் கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வொரு புது தினுசுக்கும் நாங்கள் எழுதிய சிஸ்டத்தைத் திறந்து மாற்ற வேண்டும். அதற்குத்தான் அவர் அங்கே.

"அவங்க கண்டுபிடிக்கிறதை நிறுத்தவே மாட்டாங்களா?"

மாட்டார்கள், அத்தை.

24 ஜூன், செவ்வாய்

அன்று முதல் அத்தையின் கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் நிறுத்த மாட்டார்கள். சரி. நாம் ஏன் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் திறக்க வேண்டும்?

இப்போது விலை போடும் இடம், ரிஸ்க் பார்க்கும் இடம், கணக்கு முடிக்கும் இடம் – எங்கே பார்த்தாலும் 'இந்த வகை என்றால் இப்படி, அந்த வகை என்றால் அப்படி'. ஒட்டுக்கு மேல் ஒட்டு. மாற்றிப் போட்டால்? ஒவ்வொரு ஒப்பந்தமும் தன் நிபந்தனையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். மற்ற சிஸ்டம் அதனிடம் கேள்வி மட்டும் கேட்கட்டும்: இன்றைக்கு உன் மதிப்பு என்ன, யார் யாருக்கு என்ன தர வேண்டும்? அது எந்த வகை என்று கேட்பவருக்குத் தெரியவே வேண்டாம். அப்படியானால் புது வகையை இங்கே நம் சானடோரியம் ஆபீஸிலேயே எழுதி லைனில் அனுப்பிவிடலாம். அங்கே ஆள் வேண்டியதில்லை.

ஆள் வேண்டியதில்லை.

சாரிடம் போர்டில் வரைந்து காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. டைம் எங்கம்மா இருக்கு?" என்றார். முனீர்தான், "சார், நான் கூட இருந்து பண்றேன்" என்றான். செப்டம்பர் வரை கொடுத்திருக்கிறார். யாருக்காக இதை வரைந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

9 ஜூலை

கனவில் தாவீது எதிரே உட்கார்ந்திருந்தார். உதடு முதலில் அசைந்தது. குரல் பிறகு வந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அத்தை தலைவலி என்று படுத்திருந்ததால் போனை நான் எடுத்தேன். எவ்வளவு பேசலாம்! "எப்படி இருக்கீங்க?" என்றேன். "இருக்கேன். நீ?" "இருக்கேன்." பிறகு, வெட்கக்கேடு, நானே ரிஸ்க் ரிப்போர்ட் பற்றிக் கேட்டேன். அவருக்கும் நிம்மதி போல, கடகடவென்று பதில் சொன்னார்.

சேர்ந்து வாழ்ந்தது ஒரு மாதம்கூட இல்லை. டீயில் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று பழகுவதற்குள் ஏர்போர்ட்.

21 ஆகஸ்ட், வியாழன்

மனசு சரியில்லை.

"இது ரொம்பப் பெருசா போகுது, தபீதாள்," என்றார் தாவீது இன்று. "இங்க டிரேடர் தலைக்கு மேல நின்னு கத்துறான். ஒரு வரி ஒட்டுப் போட்டா சாயங்காலமே முடிஞ்சிடும். எதுக்கு இவ்ளோ?"

எதுக்காமே. எதுக்கு? ஒட்டுப் போட்டுக்கினே இருந்தா நீங்க அங்கயே இருக்கணும், அது தெரியலையா உங்களுக்கு? இல்ல, தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதையெல்லாம் சாரையும் முனீரையும் வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கிறது?

"லாங் ரன்ல நல்லது," என்றேன். இங்கிலீஷில் சொன்னால் அழுகை தெரியாது.

11 செப்டம்பர், வியாழன்

என் டிசைன் உடைந்தது. விலை ஒரு வரம்பைத் தொட்ட உடனே செத்துப்போகிற ஆப்ஷன் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். என் சிஸ்டம் ஒப்பந்தங்களிடம் சாயங்காலம்தான் கேட்கும். இது மதியமே செத்திருக்கும். விலை திரும்ப இறங்கியிருந்தால், கேட்கிறபோது உயிரோடிருப்பதாகச் சொல்லும்.

சார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "விட்டுடலாமா?" என்றார், கோபமில்லாமல். அது இன்னும் மோசம்.

16 செப்டம்பர், செவ்வாய்

இரும்புலியூரில் பஸ் ஏறும்போது தோன்றியது. நாம் போய்க் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. விலை அசைந்தால் அந்த நிமிஷமே ஒப்பந்தத்துக்குச் சேதி போக வேண்டும். செத்தால் அதுவே சொல்ல வேண்டும். கேட்டால்தான் வாய் திறக்கும் என்று எழுதியது நான்தானே. என் குணம்.

முனீரிடம் சொன்னேன். கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இன்னா மேடம், இவ்ளோ சிம்பிளா கீது!" என்றான். சந்தோஷம் வந்தால் அவனுக்குப் பேட்டைத் தமிழ் வந்துவிடும்.

2 அக்டோபர்

லீவு. புது சிஸ்டம் அங்கே ஓட ஆரம்பித்துவிட்டது. அத்தையோடு குரோம்பேட்டைக்குப் போய் மெத்தை உறை வாங்கினேன். நீல நிறம் தாவீதுக்குப் பிடிக்குமா? தெரியாது.

28 அக்டோபர், செவ்வாய்

நேற்று நியூயார்க் சந்தை சரிந்து, பாதியிலேயே மூடிவிட்டார்கள். காலையில் ஆபீஸ் போனால் எல்லோரும் என் மானிட்டரைச் சுற்றி நிற்கிறார்கள். தாவீது அனுப்பிய மெயில்: வரம்பைத் தொட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் தொட்ட நிமிஷமே தாமாக விலகிக்கொண்டனவாம். இங்கே முனீர் எழுதி அனுப்பிய புது வகைகளும் சேர்த்து. யாரும் எதையும் திறக்கவில்லை. கடைசி வரி: "I did not touch anything, Thabithal."

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் எதையும் தொடவில்லை. இனி அங்கே அவருக்கு வேலை இல்லை.

31 அக்டோபர், வெள்ளி

சார் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "உன்னாலதான்மா. இனி அங்க ஆளே வேண்டாம். சிகாகோவில இதே சிஸ்டம் வேணும்ங்கறாங்க. தாவீது ஃப்ரீ ஆயிட்டான், நேரா அங்க அனுப்பிடலாம். ரெண்டு வருஷ புராஜெக்ட்."

"சரி சார்," என்றேன். என் வாய்தான் சொன்னது.

2 நவம்பர், ஞாயிறு

அத்தையிடம் அவரே சொல்லிவிட்டார். ரிசீவரை வைத்துவிட்டு அத்தை என்னையே பார்த்தார்.

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"அவருக்குப் போக இஷ்டமோ என்னவோ."

"கேட்டியா?"

6 நவம்பர், வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சார் சிகாகோ தேதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தாவீது, "ஓகே சார், ஓகே சார்," என்றார். மூன்றாவது ஓகேவுக்கு முன்னால் நான் பேசிவிட்டேன்.

"தாவீது, போகாதீங்க. நான் இதை வரைஞ்சதே நீங்க வரணும்னுதான்."

சார் பேனாவை மூடினார். முனீர் டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தான். லைன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது, தபி," என்றார். ஆபீஸ் லைனில் தபி. "உனக்கு வேலைதான் பெருசுன்னு நெனச்சேன். நீ வான்னு ஒரு தடவைகூட சொல்லல."

"நீங்க கேக்கல."

"சார், ஒரு வாரம் டைம் குடுங்க," என்றார் அவர். சார், "ஆபீஸ் கால்ல இதென்னம்மா," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். கதவைச் சாத்திவிட்டுப் போனார். முனீரும் பின்னாலேயே போனான்.

போனை யாரும் வைக்கவில்லை. நாங்கள் இருவரும் இருந்தோம். அழுதேன், தமிழிலேயே.

14 நவம்பர்

சிகாகோவுக்கு வேறொருவர் போகிறார்.

20 டிசம்பர், சனி

மீனம்பாக்கத்தில் அத்தைதான் முதலில் அவரைக் கண்டுபிடித்தார். இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கை கொடுத்தார். ஆபீஸ் பழக்கம். பிறகு அந்தக் கையை விடவில்லை.

18 ஜனவரி 1998, ஞாயிறு

பழைய பில்லிங் புரோகிராம்களைச் சரிபார்க்கும் குழுவில் போட்டுவிட்டார்கள் அவரை. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இன்று சர்ச்சிலிருந்து திரும்பும்போது, "சிகாகோ போயிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பழைய தபீதாளாக இருந்தால் காதில் விழாத மாதிரி நடந்திருப்பேன்.

"வருத்தமா இருக்கா?" என்றேன்.

"சில நாள் இருக்கு. திங்கக்கிழமை காலைல இருக்கு," என்றார். "இன்னிக்கு இல்ல."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அத்தையோடு மீன் கழுவ உட்கார்ந்தார். அவருக்குச் சரியாகக் கழுவத் தெரியவில்லை.

தாவீது சாப்பிடக் கூப்பிடுகிறார். இது இரண்டாவது தடவை.