முந்தின நாள் மீன்குழம்பு

மட்டாஞ்சேரி
12-11-1979

அன்பு மாடத்திக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

நேற்று மிளகுக் கிடங்குக்கு விடுமுறை. கூட வேலை பார்க்கும் மஜீத் என்னைக் கும்பளங்கிக்குக் கூட்டிப்போனான். அங்கே காயலோரம் திரேசா சேச்சியின் சாயாக்கடையில் கப்பைக் கிழங்கும் கரிமீன் குழம்பும் சாப்பிட்டோம். குழம்பில் கறுப்பாக ஒரு துண்டு கிடந்தது. கருகிய மீன் என்று நினைத்து, வீணாக்க வேண்டாமென்று மென்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல் இன்னும் கூசுகிறது, அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, அது தின்னான் உள்ளதல்லா, குடம்புளியாணு" என்று சேச்சி சிரித்தாள். தின்பதற்கு இல்லையாம், புளிப்புக்குப் போடுவதாம். இவர்கள் புளியைக் கரைப்பதில்லை, துண்டாகவே போட்டுவிட்டுச் சாப்பிடும்போது ஒதுக்குகிறார்கள். எத்தனை துண்டு, எப்போது போடுவது என்று விடாமல் கேட்டேன். இரண்டு துண்டு போதுமாம். ஆனால் குழம்பு ஒரு நாள் ஊற வேண்டுமாம். நாங்கள் சாப்பிட்டதே முந்தின நாள் வைத்ததுதான்.

பிச்சைமணி அண்ணன் லாரியில் இத்துடன் நான்கு துண்டு குடம்புளி கொடுத்துவிடுகிறேன். லாரி திரும்பும்போது நீ அரைத்த மிளகாய்ப்பொடி கொஞ்சம் அனுப்பு. பதிலை இரண்டு வரியில் முடித்துவிடாதே.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார். அடுத்த மாதம் லீவு தருகிறார்கள், இரண்டே நாள். தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். நான் வந்த பிறகு குழம்பு வைக்காதே, முந்தின நாளே வைத்துவிடு.

செல்லப்பா